நாற்பதுக்குக் குறையாமல்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

உன் மாமாவின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு அறுவை மருத்துவர் என்னை வெளியே அழைத்துச் சொன்னது இது. இடது கண் தப்பிக்கும் என்றும் சொன்னார். தாடை எத்தனை துண்டாகியிருக்கிறது என்பது நாளை எடுக்கும் படத்தில் தெரியும்.

இன்று அறுவை அறையில் எனக்குத்தான் முறை. தள்ளுவண்டியில் வந்தது யார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முகத்தில் அடையாளம் எதுவும் மிச்சமில்லை. வேறு நர்ஸை அழைக்கட்டுமா என்று மருத்துவர் கேட்டார். வேண்டாம் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு எஃகுத் துண்டுகள் அந்தத் தட்டில் விழுந்தன.

நடந்ததைச் சொன்னது சிட்டு. மாமாவிடம் துப்பாக்கிப் பயிற்சி எடுக்கும் வனக்காவலர். உருவத்தில் சிறியவள் என்பதால் சுடும் திடலில் அந்தப் பெயர். அடுத்த தடத்தில் படுத்திருந்தாள். "நாப்பத்தொண்ணாவது தோட்டாக்கா. சத்தம் கூட வெடிச்ச மாதிரி இல்ல, தடிச்ச பலகையை சிமெண்ட் தரையில ஓங்கி அடிச்ச மாதிரி. திரும்பிப் பாத்தா சார் கையில கட்டை மட்டும் இருக்கு. துப்பாக்கியோட நடுப்பாகத்தைக் காணோம். அது சார் மூஞ்சிக்குள்ள போயிடுச்சு."

துப்பாக்கி உங்கள் தொழிற்சாலையில் செய்தது. ஜனவரியில் வந்த புதுச் சரக்கு, எண் 4417. பெட்டியைப் பிரித்த அன்று, "கல்லு மாதிரி இருக்கு, உன் தம்பி கம்பெனிக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

இதே மாதிரி எத்தனை துப்பாக்கிகள் வந்திருக்கின்றன, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை? தெரிந்தால் திடலில் நிறுத்திவைக்கச் சொல்வேன். மற்றவர்கள் இன்னும் அவற்றால்தான் சுடுகிறார்கள். தோட்டா ஈரமாக இருந்திருக்கும் என்று திடல் அதிகாரி அறிக்கை எழுதிவிட்டார்.

துண்டுகளைப் போலீஸ் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். கழுத்திலிருந்து எடுத்த ஒன்றைக் கழுவி நானே வைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே. உங்கள் இணைப்பகத்தில் பேசுவது ஒலிபெருக்கியில் பேசுவது போல என்று நீதான் சொல்வாய். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே சாப்பிடாதே.

அக்கா

*

மார்ச் 19, வியாழன்

அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. மாமாவுக்கு இன்னும் குழாயில்தான் உணவா? நீ தூங்குகிறாயா? உன் கடிதம் 7ஆம் தேதியே வந்தது. விசாரித்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

இங்கே பேசிக்கொள்ளும் காரணங்களை எழுதுகிறேன். முன்பு சுட்ட குண்டு துப்பாக்கிக் குழாயில் சிக்கியிருக்கலாம். தோட்டாவில் மருந்து கூடுதலாக இருந்திருக்கலாம். திடலில் யாரையாவது கேட்டு, அதற்கு முந்தைய தோட்டா இலக்கில் பட்டதா என்று எழுது.

உடைந்த நடுப்பாகத்துக்கு ரிசீவர் என்று பெயர். குழாய் அதன் முன்பக்கம் திருகி ஏறும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும். தோட்டா வெடிக்கும்போது வரும் உதை முழுவதையும் தாங்குவது அதுதான். எங்கள் சோதனை மேசையில் வைர முனையுள்ள இயந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு ரிசீவரிலும் அது ஒரு சிறு குழி குத்தும். குழி எவ்வளவு ஆழமோ அதை வைத்துக் கடினம் எத்தனை என்று டயல் காட்டும். வரைபடத்தில் கடினம் 'நாற்பதுக்குக் குறையாமல்' என்று இருக்கிறது. வெளியே போன எல்லா ரிசீவர்களும் நாற்பதுக்கு மேல்தான். பதிவேட்டில் குறை எதுவும் இல்லை.

நேற்று கேன்டீனில் கடைசல்காரன் ஒருவன், "உங்க மாமா செத்தாரா பொழச்சாரா? செத்தா ஆர்டர் போயிடும்டா, போனஸ் போயிடும்" என்றான். கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை அவன் வாயில் அடித்தேன். அவனுக்கு உதட்டில் நான்கு தையல், எனக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டு. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அவன் பல் என் விரல் முட்டியில் பதிந்திருக்கிறது, பேனா பிடிக்க வலிக்கிறது.

மாமாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 27, வெள்ளி

தம்பிக்கு,

அவருக்கு இப்போது உறிஞ்சுகுழலில் உணவு. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாயைத் திறக்க முடியாததால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். நான் தூங்குகிறேனா என்று கேட்டிருந்தாய், பகலில் தூங்குகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: நாற்பதாவது குண்டு இலக்கில் பட்டது. அட்டையைக் கொண்டுவந்து காட்டியவள் சிட்டு. குழாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்த திடல் ஆயுதப் பணியாளரும் சுத்தமாக இருந்தது என்கிறார். அந்தக் காரணம் அடிபட்டுப் போயிற்று. நான் கேட்டது எண்கள். கிணறு எங்கே என்று கேட்டால் வாளியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

போன ஆகஸ்டில் நீ விடுப்பில் வந்தபோது நடந்ததை நினைவுபடுத்துகிறேன். "மூணு குண்டுக்கு மேல போனா துப்பாக்கி நெளியுது மச்சான். கெட்டியா பண்ணச் சொல்லு" என்றார் மாமா. நீ என் சமையலறையில் இரண்டு ரம்பத் தகடுகளை எடுத்தாய். ஒன்றை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி மணலில் புதைத்து ஆறவைத்தாய். அது மெத்தென்று ஆகிவிடும் என்றாய். இன்னொன்று கடையில் வாங்கியபடியே கெட்டியாக இருந்தது. இரண்டையும் மேசை விளிம்பில் இறுக்கி, ஒரே பூட்டை இதில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை தொங்கவிட்டாய். என் அளவுகோலை வைத்துக் காட்டினாய். இரண்டும் ஒரே அளவுதான் இறங்கின.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாத்தீங்களா மாமா? கெட்டி வேற, விறைப்பு வேற. எவ்வளவு கெட்டியாக்கினாலும் வளையறது வளைஞ்சுதான் தீரும். விறைப்பு வேணும்னா தடிமன் கூட்டணும், இல்ல அதுல வெட்டியிருக்கிற ஓட்டையைக் குறைக்கணும்."

பிறகு இரண்டையும் கையால் அழுத்தினாய். மெத்தென்று இருந்தது வளைந்து அப்படியே நின்றது. கெட்டியானது படீரென்று முறிந்து மாமாவின் கட்டைவிரலைக் கிழித்தது. "உங்க அக்கா ரத்தத்தைப் பாத்தே சம்பளம் வாங்குறா. வீட்டுக்கும் கொண்டாந்து காட்டணுமாடா?" என்று அவர் சிரித்தார். நான்தான் கட்டுப் போட்டேன்.

ஆகவே உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று எழுது. எண்களையும் எழுது.

விரல் முட்டியைப் பல் கிழித்திருந்தால் சீழ் வைக்கும். உப்புத் தண்ணீரில் கழுவு.

அக்கா

*

ஏப்ரல் 20, திங்கள்

அக்காவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முட்டி ஆறிவிட்டது. மாமாவுக்குக் கம்பி எப்போது பிரிப்பார்கள்?

நவம்பரில் உங்கள் திடலிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு முறையீடு வந்தது. 'சுடும்போது ரிசீவர் வளைவதால் குறி மேலே போகிறது. இன்னும் கெட்டியாக்கித் தரவும்.' கீழே மாமாவின் கையெழுத்து. ரம்பத் தகட்டைப் பார்த்த பிறகும் எழுதியிருந்தார். என்மேல் நம்பிக்கை இல்லையோ என்னவோ.

எங்கள் உற்பத்தி மேலாளரைச் சம்மட்டி என்று கூப்பிடுவோம். எதையும் ஒரே அடியில் முடிக்க வேண்டும் அவருக்கு. கடிதத்தை உலையடியில் வைத்தே படித்தார். "வளையுதுன்னா கெட்டியாக்கு. இதுக்கு எதுக்குய்யா மீட்டிங்கு?"

உலைக்காரருக்குப் பட்டப்பெயர் மாமியார். அடுப்பை விட்டு நகராமல் எல்லோரையும் குறை சொல்வார். அவர்தான் வாயைத் திறந்தார். "ஐயா, எண்ணெயில முக்கி எடுத்ததும் இது கண்ணாடி. அப்புறம் டெம்பர் அடுப்புல நல்லா காயவெச்சாதான் இரும்பாகும். அந்தச் சூட்டைக் குறைச்சா கண்ணாடியாவே வெளிய போகும்." சம்மட்டி பக்கத்தில் கிடந்த இடுக்கியை எடுத்து அவர் வாயில் அடித்தார். இரண்டு பல் எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்தது. "இப்ப சொல்லு, எது கண்ணாடி?" மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சூட்டைக் குறைத்தார். நாங்கள் பதினான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருவரும் நகரவில்லை.

நான் என் வழியில் அளந்து பார்த்தேன். பழைய பதத்தில் ஒரு ரிசீவர், புதிய பதத்தில் ஒன்று. இரண்டிலும் குழாயை ஏற்றி, பின்பக்கத்தைக் கவ்வியில் இறுக்கி, முனையில் இருபது கிலோ தொங்கவிட்டேன். பழையது அளவுமானியில் பதினோரு கோடு வளைந்தது. புதியதும் பதினோரு கோடு. விறைப்பு ஒரு மயிரிழை கூட மாறவில்லை. தாளில் எழுதி சம்மட்டியிடம் கொடுத்தேன். அதைக் கசக்கிக் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"கடினம் எவ்வளவு வந்துச்சு?"

"அம்பத்திரெண்டு."

"வரைபடத்துல என்ன போட்டிருக்கு?"

"நாற்பதுக்குக் குறையாமல்னு."

"அம்பத்திரெண்டு நாப்பதைவிடக் கொறைச்சலா? உனக்கெல்லாம் எந்த வாத்தியாருய்யா கணக்கு சொல்லிக் குடுத்தாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மேல் எல்லை ஒன்று வரைபடத்தில் போடப்படவே இல்லை. இவ்வளவு கெட்டியாக்க எவனும் துணிய மாட்டான் என்று வரைந்தவர் நினைத்திருப்பார்.

இப்படி மூன்று நாள் வேலை ஓடியது. ரிசீவர்களுக்கு முத்திரை விழுந்தது. சரக்கு போயிற்று.

இப்போதைக்கு இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 24, வெள்ளி

தம்பிக்கு,

முத்திரை விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். மழை விழும். முத்திரையை யாராவது அடிக்க வேண்டும்.

மூன்று நாளில் எத்தனை? முதல் எண் எது, கடைசி எண் எது? மே 9ஆம் தேதி சிட்டுவின் பிரிவு மலைக்காட்டு முகாமுக்குப் போகிறது. ஜனவரிச் சரக்கைத்தான் எடுத்துப் போகிறார்கள். இதைத் திடல் எழுத்தர் சொன்னார். ஆணைத் தாளையும் காட்டினார். எண் இல்லாமல் எதையும் நிறுத்த முடியாது என்கிறார் அதிகாரி. "உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டதுக்காக மொத்தச் சரக்கையும் மூட்டை கட்ட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

கம்பி பிரித்தாயிற்று. வீட்டில் இருக்கிறார். திங்களன்று கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை உடைத்தார். செவ்வாயன்று நாற்காலியை எடுத்து என்மேல் வீசினார். என் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மருத்துவமனையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

திரும்புகிற தபாலில் எண்கள் வர வேண்டும். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா

*

மே 11, திங்கள்

தம்பிக்கு,

சிட்டு இறந்துவிட்டாள். நேற்றுப் பகல் பதினொன்றரை மணிக்கு, முகாமில், ஆறாவது தோட்டாவில். துப்பாக்கி எண் 4360. போல்ட் பின்பக்கமாகப் பாய்ந்து கன்னத்தின் வழியாக மூளைக்குள் போயிருக்கிறது; சாவு உடனடியாக வந்திருக்கும் என்று உடற்கூறு மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நான் படித்தேன். அவளைக் கழுவியதும் நான்தான். இடது கையில் மாவுக்கட்டு இருந்ததால் ஒரு கையால் கழுவினேன்.

முகாமுக்குப் போவதற்கு முதல் நாள் மாமாவைப் பார்க்க வந்தாள். "சார், ஒத்தைக் கண்ணால பாத்தா நான் இன்னும் சின்னதா தெரிவேனே, கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள். கண் போன பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏப்ரல் 24 கடிதம் உனக்கு 27ஆம் தேதி கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். தபால்காரர் கொண்டுவந்த ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பதினான்கு நாள்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். மார்ச் 3ஆம் தேதி மாமாவின் கழுத்திலிருந்து எடுத்து நான் வைத்துக்கொண்ட துண்டில் ஒரு வட்டமும் அதற்குள் ஏழும் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த வாரம் நீ பெருமையாக என் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் அடித்துக் காட்டிய அதே முத்திரை. கழுவும்போதே பார்த்துவிட்டேன். அன்றே அந்தத் துண்டை அதிகாரியின் மேசையில் வைத்து, 'இது என் தம்பி அடித்தது. இது உடையும் என்று அவனுக்குத் தெரியும். என் சமையலறையில் அவனே காட்டியிருக்கிறான்' என்று சொல்லியிருந்தால் மறுநாளே எல்லாத் துப்பாக்கிகளையும் நிறுத்தியிருப்பார்கள். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லாதவரை என் தம்பி குற்றவாளி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்களை எழுது.

அக்கா

*

மே 15, வெள்ளி

அக்காவுக்கு,

4301 முதல் 4512 வரை. இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையிலும் ஏழாம் எண் முத்திரை. அத்தனையையும் அடித்தவன் நான். ஒவ்வொன்றின் கடினமும் தனித்தாளில் இருக்கிறது. மிகக் குறைந்தது ஐம்பது, மிக அதிகம் ஐம்பத்து நான்கு. இதே பட்டியலின் நகலைக் காவல்துறைக்கும் உங்கள் திடலுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்தத் தாள் டிசம்பரிலிருந்து என் பெட்டியில் இருந்தது. கொடுத்தால் நான் தெரிந்தே அடித்தேன் என்று ஆகும். அதனால் கொடுக்கவில்லை. இதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எழுத்து கோணலாக இருப்பது இடது கையால் எழுதுவதால்.

உன் கடிதம் 13ஆம் தேதி காலையில் வந்தது. கிடங்கில் மிச்சமிருந்த ரிசீவர்களில் இரண்டை எடுத்துப் பட்டறையின் நடுவில் வைஸ் என்னும் திருகு கவ்வியில் கட்டினேன். ஒன்று பழைய பதம், ஒன்று புதியது. எல்லோரையும் கூப்பிட்டுப் பெரிய சுத்தியலால் அடித்தேன். பழையது நான்கு அடியில் வளைந்து ஓரத்தில் கிழிந்தது. புதியது முதல் அடியிலேயே மூன்றாகச் சிதறியது. ஒரு துண்டு கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போயிற்று. முறிந்த இடம் சர்க்கரையைப் போல மினுங்கியது. "இதுக்குத்தான் என் ரெண்டு பல்லு" என்றார் மாமியார்.

சம்மட்டி வந்தார். அவர் என்னைத் தொடவில்லை. "இவன் சொல்றது வெளிய போச்சுன்னா நாளைக்கு இந்தக் கதவு பூட்டு. அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும் என் மேசைக்காரர்களே என்னைப் பிடித்தார்கள். டம்ளரால் அடி வாங்கினானே, அந்தக் கடைசல்காரன் என் வலது கையை அதே வைஸில் வைத்துத் திருகினான். "முத்திரை அடிச்ச கைதானே இது?" என்றான். நான்கு விரல்களும் நொறுங்குகிற வரை திருகினான். அவன் கேட்டது சரியான கேள்வி. அதனால் கத்தினேனே தவிர, விடு என்று சொல்லவில்லை. மாமியார்தான் காய்ச்சிய கம்பியோடு ஓடிவந்து அவர்களை விரட்டினார்.

வேலையிலிருந்து நீக்கி வைத்திருக்கிறார்கள். குடியிருப்பையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரயில் நிலையத்துக்குத் தெற்கே சாக்குக் கடை மாடியில் ஓர் அறை. தொலைபேசி இல்லை. முகவரி உறையின் பின்னால்.

சிட்டுவின் வீட்டாருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் மணிக்கட்டு வழுக்கி விழுந்து உடையவில்லை என்று எனக்கும் தெரியும். அதையும் நான் கேட்காமல் இருந்தேன்.

தம்பி

*

மே 29, வெள்ளி

தம்பிக்கு,

விரல்களை எந்த மருத்துவர் பார்க்கிறார்? சும்மா கட்டி வைத்திருந்தால் கோணலாகச் சேரும். படம் எடுத்து அனுப்பு, எங்கள் எலும்பு மருத்துவரிடம் காட்டுகிறேன்.

பட்டியல் 18ஆம் தேதி திடலுக்கு வந்தது. அன்று மாலையே சுடுவதை நிறுத்தினார்கள். நேற்று வரை நூற்று எழுபத்தாறு திரும்பி வந்திருக்கின்றன. கணக்கு திடல் எழுத்தருடையது. நான் வைத்திருந்த துண்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். மறைத்ததற்காக என்மேல் துறை நடவடிக்கை வரும் என்றார். வரட்டும். விசாரணை ஜூன் 24, புதன்.

நான் மறைத்தது தெரிந்து சிட்டுவின் அம்மா வீட்டுக்கு வந்தார். "நீ நர்ஸுதானே? உயிர்னா என்னன்னு உனக்குமா தெரியாது?" என்று கேட்டுவிட்டு அறைந்தார். இரண்டு கன்னத்திலும் மாறி மாறி, கை ஓயும் வரை. மாமா பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா போன பிறகு வெளியே வந்து, "பட்டியல்ல இருக்கே, அந்த ஏழு யாரு?" என்றார். உடைந்த தாடையால் அவர் பேசுவது பழகாதவர்களுக்குப் புரியாது. சொன்னேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ஒற்றைக் கண்ணால் மதியம் முழுவதும் படித்தார். நவம்பர் முறையீட்டைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு சாப்பிட்டார். அன்றிலிருந்து என்னை அடிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 16, செவ்வாய்

தம்பிக்கு,

இதைக் கொண்டுவருகிறவர் பேருந்து நடத்துநர். என்னிடம் சிகிச்சை பெற்றவர். நாளை பகலில் உன் கையில் கொடுப்பார்.

மாமா வீட்டில் இல்லை. இன்று பகல் இரண்டு மணிக்குத் திடல் ஆயுத அறைக்குப் போயிருக்கிறார். பழைய சாவி அவரிடமே இருந்தது. திரும்பி வந்த துப்பாக்கிகள் அடுக்கியிருந்த இடத்திலிருந்து 4388ஐயும் ஐந்து தோட்டாக்களையும் எடுத்திருக்கிறார். ஆயுதப் பணியாளர் தடுத்தபோது துப்பாக்கிக் கட்டையால் அவர் விலாவில் அடித்திருக்கிறார். மூன்று எலும்பு முறிவு, நான்தான் கட்டினேன். அவரிடம் மாமா சொன்னது: "நான் யாரையும் சுடப் போறதில்ல. ஏழாம் நம்பர் முத்திரைக்காரன் சுடட்டும். அவன் பாஸ் பண்ணதுதானே? என் முன்னால அஞ்சும் சுடட்டும்."

நீளப் பொட்டலத்தோடு பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில்தான் வருகிறார், உங்கள் ஊருக்கு ஒரு சீட்டுக் கொடுத்ததாகச் சீட்டு விற்பவர் சொன்னார். அது ஊரெல்லாம் சுற்றிப் போகிற ரயில், வியாழன் காலை ஆறு பத்துக்குத்தான் அங்கே வரும்.

ரயில்வே போலீஸிடம் நான் சொல்லவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவரைப் பெட்டிக்குள் பார்த்தால் சுட்டுவிடுவார்கள் என்று பயம். இதற்கு முன்பும் சொல்லாமல் இருந்து ஒருத்தியைச் சாகவிட்டவள் நான். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ முடிவு செய்.

அறையை விட்டுப் போய்விடு. போக மாட்டாய் என்றால் ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. அவர் சுடச் சொன்னால் சுடுவாயா?

அக்கா

*

ஜூன் 17, புதன், மாலை

அக்காவுக்கு,

நடத்துநர் பகல் ஒரு மணிக்குக் கடிதத்தைக் கொடுத்தார். ஐந்து மணிக்குத் திரும்பும் பேருந்தில் இதைக் கொண்டுவருகிறார். நீ சாப்பிட்டாயா?

முதலில் உறுதியானது. இருநூற்றுப் பன்னிரண்டில் உடைந்தவை இரண்டு. மற்ற இருநூற்றுப் பத்தில் இருநூற்று ஒன்பது இப்போது பூட்டுக்குள் இருக்கின்றன. இதை இன்று பகல் இரண்டு மணிக்குக் காவல் நிலைய எழுத்தர் பதிவைப் பார்த்துச் சொன்னார். வெளியே இருப்பது ஒன்று, 4388. என் தாளில் அதன் கடினம் ஐம்பத்து மூன்று.

போலீஸிடம் சொல்லிவிட்டேன். துப்பாக்கி, தோட்டா, ரயில், நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். அது சுடுகிறவரையே கொல்லும் என்றும் சொன்னேன். ஆய்வாளர், "மாமன் மச்சான் சண்டையா? பொண்ணு குடுத்த இடத்துல இதெல்லாம் சகஜம்யா. கையில கட்டு வேற போட்டிருக்க, முதல் ரவுண்டு முடிஞ்சிடுச்சா?" என்றார். சுட்டுவிடாதீர்கள், பிடியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். காலை முறை மாறியதும், ஏழு மணிக்கு, இரண்டு பேரை அறைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்கே நிலையத்துக்கு அனுப்புங்கள் என்றேன். ஆள் இல்லை என்றார்.

கீழே சாக்குக் கடைக்காரரிடம் நாளை எட்டு மணிக்கு முன்னால் கடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாடியில் வேறு யாரும் இல்லை. 24ஆம் தேதிக்கு நான் சொல்ல வேண்டியது முழுவதையும் போன வாரமே இடது கையால் பதினாறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் மாமியாரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்து, இன்று மூன்று மணிக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரியிடம் சேரும். நான் நேரில் வந்தாலும் வராவிட்டாலும் அது நிற்கும்.

நான் எங்கும் போகவில்லை. போனால் அவர் அதை எங்கேயாவது தானே சுட்டுப் பார்ப்பார். கதவைத் திறந்து வைப்பேன். அடித்தால் அடி வாங்கிக்கொள்வேன். அதை என் கையில் வாங்கிவிட்டால் போல்ட்டை உருவி ஜன்னல் வழியாக எறிய நான்கு நொடி போதும், வலது கை நன்றாக இருந்திருந்தால். இடது கையால் இன்று ஒரு கம்பியை வைத்துப் பழகிப் பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு நொடி ஆகிறது.

நீ கேட்ட கேள்வி. அவர் பயிற்றுநர், சுடுகிறவனின் தோளை ஒட்டித்தான் நிற்பார், முப்பது வருடப் பழக்கம். உடைந்தால் துண்டு பக்கவாட்டிலும் பாயும். அவர் என் தோளருகே நிற்கிறவரை சுட மாட்டேன். அவரே குழாயை என் வாயில் வைத்தாலும் சுட மாட்டேன். இது உறுதி.

இருபது அடி தள்ளி நின்றுகொண்டு சுடச் சொன்னால் என்ன செய்வேன் என்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். சிட்டு ஆறாவது தோட்டா வரை போனாள். இங்கே ஐந்துதான் இருக்கின்றன. இதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, அக்கா.

ரயில் ஆறு பத்துக்கு. நிலையத்திலிருந்து அறைக்கு நடந்து இருபது நிமிடம். போலீஸ் ஏழு மணிக்கு.

தம்பி